எறங்குறது இனாம், ஏறுறதுக்குத்தான் வட்டி

மாப்ளே, சேதி காதுக்கு வந்துட்டு. ஜூலை நாலு லீவுக்கு நீரும் உம்ம ஆபீஸ் சேக்காளிய மூணு பேரும் கிராண்ட் கேன்யனுக்குப் போறியளாம். சவுத் கைபாப் பாதையில காலையில எறங்கி, கொலராடோ ஆத்துல காலை நனைச்சு, பொழுது சாய மேல ஏறி, ராச்சாப்பாட்டுக்குப் பீனிக்ஸ் வந்து சேந்துருவியளாம். எம்மவதான் சொன்னா. சொல்லும்போது அவ மூஞ்சியில ஈயாடல. "ஏட்டி, மருமகன் ஜிம்முக்கு மாசாமாசம் பணம் கட்டுதாருல்லா, வெவரமாத்தான் இருப்பாரு"ன்னு நான்தான் சமாதானம் சொன்னேன். கட்டுதாருன்னுதான் சொன்னேன், போறாருன்னு சொல்லல.

மாமன் குறுக்க விழுந்து தடுக்கப்போறாருன்னு பயப்படாதேயும். நான் ஏன் தடுக்கேன்? உம்ம திட்டத்தைக் கேட்டு எனக்குப் பெருமை தாங்கல. மேட்டுலேருந்து ஆத்துக்குப் போயிட்டு ஒரே நாள்ல திரும்பணும்னு நினைக்காதீங்க, அதுலயும் மே மாசத்துலேருந்து செப்டம்பர் வரைக்கும் கனவுலகூட நினைக்காதீங்கன்னு பார்க்காரன் போர்டு வச்சிருக்கான், பேப்பர்ல அடிச்சுக் குடுக்கான், வழிமறிச்சும் சொல்லுதான். 1919லேருந்து அந்தப் பார்க்கை நடத்துறவன் அவன். அவனுக்கு என்ன தெரியும்? நீரு யூடியூப்புல ரெண்டு வீடியோ பாத்திருக்கீரு.

போறவன் போவட்டும். ஆனா யாருகிட்ட கொடுக்கல் வாங்கல் வச்சுக்கிடப்போறோம்னு தெரிஞ்சுக்கிட்டுப் போரும். மத்த மலையெல்லாம் நியாயஸ்தன். முதல்லயே ஏறச் சொல்லும். மூச்சு வாங்கும், முட்டி நோவும், நமக்கு ஆவாதுப்பான்னு பாதியில திரும்பிருவோம். திரும்புனா எறக்கம், தள்ளாடிக்கிட்டாவது வீடு வந்துரலாம். இந்தக் கேன்யன் இருக்கே, இது கந்துவட்டிக்காரன். விடிகாலையில குளுந்த காத்தை வீசி, "வாரும் மாப்ளே, எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடும்"னு சிரிச்சுக்கிட்டே உள்ள விடும். கையெழுத்து கேக்காது, ஜாமீன் கேக்காது. ஒரு மணி நேரம் எறங்குனா ரெண்டு மணி நேரம் ஏறணும்கிறது அங்க நடப்பு வட்டி. வசூலுக்கு அது வாற நேரத்தையும் பாத்துக்கிடும்: உச்சி வெயில், உம்ம காலு சோந்து, பையில தண்ணி தீந்த நேரம். எறங்குறது உம்ம இஷ்டம், ஏறுறது கட்டாயம்னு அங்க உள்ள ரேஞ்சருவ ஒரு சொலவடையே வச்சிருக்காவ. கைநாட்டு வைக்குமுன்ன அதை ஒருதரம் வாசிச்சிரும்.

நீரு கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறவரு, ஒமக்கு மாமன் கணக்கு சொல்லவா? சொல்லுதேன், கேளும். பாதை தொடங்குற எடம் கடல்மட்டத்துலேருந்து 7,260 அடி. ஆறு ஓடுறது 2,400 அடிச் சொச்சத்துல. 7 மைலுக்குள்ள அடிச்சுப் பிடிச்சு 4,800 அடி கீழ போறீரு. எறங்க எறங்கக் காத்து கனத்து, வெக்கை கூடும். ஜூலையில மேட்டுல பகல் உச்சம் சராசரி 29 டிகிரி செல்சியஸ். அதே நாள் ஆத்தங்கரை ஃபாண்டம் ராஞ்சுல 41. அதுவும் நெழல்ல வச்சு அளந்தது. கொடும் வெயில் நாள்ல பாதையில 49ஐத் தொடுறதும் உண்டு. விடியக்காலம் மேட்டுல நின்னு, ஸ்வெட்டரைக் கழட்டலாமா வேண்டாமான்னு யோசிச்சுக்கிட்டிருக்க மனுசனுக்கு இதெல்லாம் எங்க ஒறைக்கப்போவுது?

அதுலயும் நீரு பொறுக்கி எடுத்த பாதை இருக்குபாரும், அருமையான பாதை. ஒரு சொட்டுத் தண்ணி கெடையாது. நெழலும் பேருக்குத்தான். ஏன் அப்படின்னு கேளும். சாமி குத்தம் ஒண்ணும் இல்ல, ஒரு டாலர் தகராறு.

பக்கத்துல பிரைட் ஏஞ்சல்னு பழைய பாதை ஒண்ணு கெடக்கு. ஹவாசுபாய் சனங்க தலைமுறை தலைமுறையா நடந்த தடம். பாறை வெடிச்சுப் பிளந்த எடத்துல எறங்குறதால, வழியில ஊத்து உண்டு, மரம் உண்டு. போன நூத்தாண்டுக்கு முந்தின நூத்தாண்டு கடைசியில ராஃப் கேமரான்னு ஒருத்தரு, சுரங்கம் தோண்ட வந்தவரு, கூட்டாளிகளோட அந்தத் தடத்தைச் செப்பனிட்டாரு. பாதை எங்களதுன்னு பதிஞ்சு, பெறகு எறங்குறவன் தலைக்கு ஒரு டாலர்னு வசூலும் போட்டாவ. தங்கம் கிங்கம்னு மண்ணைக் கிண்டுறதைவிட, மனுசன் எறங்குற வழியில உக்காந்துகிட்டா வருமானம்னு புரிஞ்ச கெட்டிக்காரரு. பின்னால அமெரிக்க செனட்டராவும் ஆயிட்டாரு, அந்தத் தெறமைக்கு ஆவாம இருப்பாரா? பார்க்காரன் பாத்தான். இவருகிட்ட மல்லுக்கட்டி ஆவாதுன்னு 1924-25ல வெடி வச்சு, பாறையைக் கொத்தி, தனக்குன்னு ஒரு பாதை போட்டுக்கிட்டான். அதான் சவுத் கைபாப். வெடிப்புக்குள்ள எறங்க எடம் இல்லாததால முகடு மேலயே போட்டுட்டான். முகட்டுல நின்னா நாலு பக்கமும் தெரியும், கண்ணுக்குக் குளிர்ச்சி. நாலு பக்கமும் வெயிலும் அடிக்கும், மத்த அங்கத்துக்கு அந்தக் குளிர்ச்சி கெடையாது. 1928ல பழைய பாதையும் பார்க் கைக்கு வந்துட்டு. இப்ப ரெண்டுமே இனாம். சுங்கம் ஒழிஞ்சும் தாகம் மட்டும் அங்கயே நிக்கி.

அதே 1928லதான் கீழ ஆத்துக்குக் குறுக்க தொங்குபாலம் கட்டுனாவ. அதுக்கு வேண்டிய இரும்பு வடம் ஒவ்வொண்ணும் ஏறத்தாழ ஒரு டன். கோவேறு கழுதை முதுகுல ஏத்த முடியாது, அத்தன நீளம். என்ன செஞ்சாவ தெரியுமா? ஹவாசுபாய் ஆளுவ 42 பேரு வரிசையா நின்னு, தோள்ல போட்டு, சவுத் கைபாப் பாதை வளைவுல எல்லாம் ஒடிச்சு ஒடிச்சுக் கீழ கொண்டு சேத்தாவ. தலைக்கு 50 ராத்தலுக்கு மேல. ஒருத்தன் கால் தடுக்குனா 42 பேருக்கும் ஆபத்து. அவங்க யாரும் வாச்சுல எத்தனை அடி நடந்தோம்னு பாத்துக்கிட்டு நடக்கல மாப்ளே.

சரி, உம்ம பைக்குள்ள என்ன இருக்குன்னு பாப்பம். எம்மவ சொன்னா, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணியும், ஒரு டிரோனும், ரெண்டு பவர் பேங்கும் எடுத்துருக்கியளாம். செல்போனுக்குத் தாகம் எடுக்கக்கூடாதுன்னு உங்களுக்குத் தோணியிருக்கு, நல்ல மனசு. அந்தப் பாலைவனத்து வெயில்ல ஏறுற மனுசன் மணிக்கு ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர்னு வேர்வையா விடுவான். விடுறது அவனுக்கே தெரியாது, அதான் சூழ்ச்சி. நம்ம ஊர்ல வேர்த்தா சட்டை நனைஞ்சு முதுகோட ஒட்டும், ஓஹோ வேர்க்குதுன்னு உக்காருவோம். அங்க காத்து அம்புட்டுக் காய்ஞ்சு கெடக்கு. வேர்வை தோலுக்கு மேல வந்து நிக்குமுன்ன ஆவியாப் போயிரும். சட்டை காஞ்சு கெடக்கேன்னு நீரு நடப்பீரு. சாயங்காலம் கறுப்புச் சட்டையில வெள்ளை வெள்ளையா உப்புப் பூத்து நிக்கும்போதுதான் உள்ள இருந்தது எம்புட்டு வெளிய போயிருக்குன்னு தெரியும்.

உடனே, "நாலு காலன் தண்ணி குடிச்சுத் தள்ளிருவேன் மாமா"ன்னு கெளம்பாதேயும். அதுக்கும் ஒரு கெணி வச்சிருக்கு கேன்யன். வேர்வையில போனது வெறும் தண்ணி இல்ல, உப்பும் சேத்துப் போச்சு. சாப்பிடாம கொள்ளாம வெறுந்தண்ணியா ஊத்திக்கிட்டே இருந்தா ரத்தத்துல உப்பு கரைஞ்சு நீத்துப் போவும். தலை வலிக்கும், கொமட்டும், புத்தி தடுமாறும். வெக்கை தட்டுனவனுக்கும் இதே குறிதான். கூட இருக்கவன் "ஐயோ, தண்ணி பத்தல போல"ன்னு இன்னும் ரெண்டு பாட்டிலை வாயில கவுப்பான். கதை முடிஞ்சுரும். இதுல ஆசுபத்திரிக்குப் போனவங்க உண்டு, உசிரை விட்டவங்களும் உண்டு. அதனால தண்ணி குடிக்கும்போதெல்லாம் உப்பா எதையாவது கொறியும். அதுக்குப் பார்க்காரன் சொல்லுற பண்டமெல்லாம் உமக்கு எதுக்கு? உப்புக்கடலை இருக்கு, முறுக்கு இருக்கு, உம்ம அம்மா பார்சல்ல அனுப்புன சாத்தூர் காராச்சேவு டப்பா அலமாரியில தூங்குது. டயட்டுன்னு ஆறு மாசமா அதைத் தொடாம வச்சிருக்கீரு. தின்னுறதே வைத்தியம்னு ஒரு எடம் உலகத்துல இருக்குன்னா அது அந்தப் பாதைதான்.

மேலேருந்து பாதையில எறங்குன உடனே சில நாள்ல ஒரு ரேஞ்சரோ, தொண்டு பண்ணுற பிள்ளைகளோ நிக்கும். வெக்கையில அடுத்தடுத்து சாவு விழுந்த பெறகு 1997ல ஏற்படுத்துன ஏற்பாடு அது. சனங்க விழுந்த பெறகு தூக்குறதைவிட, விழுமுன்ன நாலு கேள்வி கேட்டுருவோம்னு. அப்படியும் வருசத்துக்கு 250 பேருக்கு மேல கேன்யனுக்குள்ளேருந்து மீட்டுக் கொண்டாராவ. போன அக்டோபர்ல எம்மவகூட நான் போயிருந்தப்ப அப்படி நின்ன ஒரு பொண்ணைப் பாத்தேன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். "எது வரைக்கும் போறீங்க? தண்ணி எம்புட்டு வச்சிருக்கீங்க? தின்ன என்ன இருக்கு?"ன்னு சிரிச்சமேனிக்குக் கேக்கா. வாய்தான் சிரிக்கி. கண்ணு ஆளோட காலுச் செருப்பைப் பாக்கு, பை எம்புட்டுத் தொங்குதுன்னு பாக்கு, மூஞ்சி செவந்திருக்கான்னு பாக்கு. ஒரு பய அவகிட்ட "ஆத்துக்கு"ன்னான் மார்பை நிமுத்தி. "அப்படியா, எப்ப திரும்பி வருவீங்க?"ன்னா. பயலுக்கு அதுவரைக்கும் அந்தக் கேள்வி தோணவே இல்லைன்னு அவன் மூஞ்சியில எழுதி ஒட்டியிருந்துது. அந்தப் பிள்ளைகிட்ட மட்டும் கௌரவம் பாத்துப் பொய் சொல்லாதேயும் வே. மத்தவங்ககிட்ட சொல்லிக்கிடலாம்.

கெளம்புமுன்ன கால் நகத்தை ஒட்ட வெட்டிரும். சிரிக்காதேயும். எறக்கத்துல ஒவ்வொரு எட்டுக்கும் வெரலு போயி ஷூ முனையில இடிக்கும். ஆயிரக்கணக்கான இடி. சாயங்காலம் கட்டைவெரலு நகம் கறுத்து நிக்கும், ரெண்டு மாசத்துல கழண்டு கையில வரும். புது ஷூவைப் போட்டுக்கிட்டுப் போனீருன்னா கொப்புளம் வேற இனாம். தொப்பி அகலமா இருக்கட்டும். உம்ம அறுவது டாலர் கூலிங் துணியை எடுத்துக்கிடும், கூட நம்ம ஈரிழைத் துண்டு ஒண்ணையும் போட்டு வையும். எது முதல்ல உதவுதுன்னு மாமன்கிட்ட வந்து சொல்லும்.

போற வழியில கோவேறு கழுதைக் கூட்டம் வரும். கீழ ராஞ்சுக்குச் சோறு, சாமான், தபால் எல்லாம் அதுதான் கொண்டுபோவுது, அங்கேருந்து குப்பையை மேல கொண்டாருது. நான் பாத்த அன்னைக்குச் செம்மண் வளைவுல அஞ்சாறு கழுதை, ஒண்ணோட ஒண்ணு கயித்துல கட்டுனது, சாக்குப் பொதியோட ஏறி வந்துது. முன்னால தொப்பி வச்ச ஆளு. பாதையெல்லாம் அதுங்க விட்ட மூத்திரம் குட்டை குட்டையா நிக்கி, நாத்தம் மூக்கைப் பொளக்கி. நம்ம பய ஒருத்தன் வீடியோ நல்லா வரணும்னு பள்ளத்துப் பக்கமா வெளிம்புல போயி நின்னான். அந்த ஆளு கழுதையை நிறுத்திட்டாரு. கத்தல, ஏசல. வெரலை மட்டும் மலைச்சுவரு பக்கம் காட்டுனாரு. பய உள்ள வந்து ஒட்டி நிக்கிற வரைக்கும் அசையல. கழுதை மெரண்டு ஒரு இடி இடிச்சா வெளிம்புல நிக்கவனுக்குப் பிடிக்க ஒண்ணும் கெடையாது. அதனால எப்பவும் உள்பக்கம், மலைச்சுவரு பக்கம் ஒதுங்கும், பேசாதேயும், கடைசிக் கழுதை 50 அடி தாண்டுன பெறகு நடையும். அந்தப் பாதையில தினமும் ஏறி எறங்குறதுல புத்தியுள்ள ஜீவன் அதுதான், அதுக்கு வழி விடுறதுல அவமானம் இல்ல.

முக்கால் மைலு தாண்டி, ஒரு மைலு நெருங்கையில ஊ-ஆ பாயிண்டு. எல்லாரும் நின்னு போட்டோ எடுப்பாவ. எடும். ஆனா பின்னால நடந்துக்கிட்டே எடுக்காதேயும். அங்க பின்பக்கம்னு ஒண்ணு கெடையாது.

ஒன்றரை மைலுல சீடர் ரிட்ஜ். செம்மண் மேடு, கோணல்மாணலா நாலு மரம், கழுதை கட்டுற கம்பு, கழிப்பறை. தண்ணி கெடையாது. அங்க உம்மளை வரவேற்க ஒரு ஆளு காத்துக்கிட்டிருப்பாரு: பாறை அணில். நம்ம ராமரு தடவுன அணில்னு நினைச்சுக் கையை நீட்டிராதேயும், இவருக்கு முதுகுல கோடு கெடையாது, மனசுல ஈரமும் கெடையாது. வயிறு தரையில ஒரசுற அளவுக்குக் கொழுத்தவரு. ஒரு வெள்ளைக்கார அம்மா பையைக் கீழ வச்சுட்டு அந்தாண்ட திரும்புனா. அணிலு பையோட பக்கவாட்டு வலையைப் பல்லால நேக்கா அறுத்து, உள்ள இருந்த கடலைப் பொட்டலத்தை உருவி, மரத்தடியில உக்காந்து, ரெண்டு கையாலயும் பிடிச்சுத் திங்கி. அந்தம்மா "ச்சூ"ன்னா. அது நிமுந்து பாத்துட்டுத் தின்னுச்சு. பாம்பு கடிச்சு வாறவனைவிட அணில் கடிச்சு வாறவன்தான் அந்தப் பார்க்குல ஜாஸ்தி. ஜிப்பு போட்டிருக்கேன்னு இறுமாந்து நிக்காதேயும், அண்டங்காக்கா வந்து ஜிப்பையே தெறந்துரும். உம்ம உப்பும் தீனியும் உம்ம உசிரு, ரெண்டு கண்ணும் அது மேல இருக்கட்டும்.

மாமன் சொல்லுறதை அங்க நின்னு ஒரு நிமிசம் நினைச்சுக்கிடும். 1,100 அடிச் சொச்சம் எறங்கியிருக்கீரு. காலு நோவல, மூச்சு வாங்கல, தண்ணி பாதிக்கு மேல இருக்கு. நல்லா இருக்கீரு. திரும்புறதுக்கு அதான் முகூர்த்தம். தளந்த பெறகு திரும்புறவன் ஏற்கெனவே கடன்காரன். கொண்டுபோன தண்ணியில, நேரத்துல மூணுல ஒரு பங்கு தீந்ததும் திரும்புறவன்தான் அந்தப் பாதையில முதலாளி. அது சேக்காளிய முன்னால கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கும். வெக்கத்துக்கு வட்டி கெடையாது மாப்ளே.

மாட்டேன், இன்னும் போவேன்னு போனீருன்னா மூணாவது மைலுல ஸ்கெலிட்டன் பாயிண்டு. அங்க நின்னா ஆறு மொதமொதல்ல கண்ணுல படும். கீழ பச்சையா ஒரு கீத்து. "அந்தா, கிட்டத்துலதான் இருக்கு"ம்பான் ஒருத்தன். இன்னும் அதே அளவுக்கு மேல நடக்கணும்னு அவனுக்கு யாரு சொல்ல? கடன் வாங்குறவன் கண்ணுக்குப் பணம்தான் தெரியும், தவணை தெரியாது. தப்பித் தவறி ஆத்துக்கே போயிச் சேந்தாலும், வேக்காட்டுல அதுக்குள்ள குதிச்சிராதேயும். அது 1963ல கதவடைச்ச கிளென் கேன்யன் அணையோட அடியாழத்துலேருந்து வாற தண்ணி. குளிரு ஒருபக்கம், இழுப்பு ஒருபக்கம். நீச்சல் தெரிஞ்சவனையே கொண்டுபோயிருக்கு.

இதுவரைக்கும் வேடிக்கையாத்தான் சொன்னேன். இதை நேராச் சொல்லுதேன். 2004 ஜூலையில இருபத்தினாலு வயசுப் பொண்ணு ஒருத்தி அந்தக் கேன்யனுக்குள்ள செத்துப்போனா. மருத்துவம் படிச்சுக்கிட்டிருந்தவ. அதே வருசம் பாஸ்டன் மாரத்தானை மூணு மணி நேரத்துச் சொச்சத்துல ஓடி முடிச்சவ. கூட ஒரு பையன். 15 மைல்னு நினைச்சு எறங்குன பாதை 27 மைல். அவகிட்ட இருந்தது ஒன்றரை லிட்டர் தண்ணி, கொஞ்சம் தீனி. நல்ல வெயில். பையனுக்கு முடியாம ஒரு செடி நெழல்ல ஒதுங்கிட்டான். அவ ஒத்தையில உதவி தேடிப் போனா. அவன் பொழைச்சான், அவ பொழைக்கல. ஒடம்பு வலு அங்க செல்லுபடியாவுற பணம் இல்ல மருமகனே. வலு உள்ளவன் கூடுதல் தூரம் எறங்குறான், அம்புட்டுதான். பிரியுறதும் பெரிய ஆபத்து. நாலு பேரு போறியன்னா மெதுவா நடக்கவனை முன்னால விட்டு, நாலு பேரும் சேந்தே வாங்க.

ஏறும்போது வாய் பேசுனா வார்த்தை வரணும். பேச மூச்சு பத்தலைன்னா நடை வேகம் அதிகம்னு அர்த்தம். நீரு எப்பவும் பேசிக்கிட்டே இருக்குற ஆளு, அதனால ஒமக்கு இது லேசு. அரை மணிக்கோ ஒரு மணிக்கோ ஒருதரம் நெழல் கெடைச்ச எடத்துல உக்காந்து, காலை ஒரு கல்லு மேல ஒசத்தி வச்சு அஞ்சாறு நிமிசம் இரும். காலை பத்து மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் நடுவுல வெயில்ல ஏறவே கூடாதுன்னு பார்க்காரன் சொல்லுதான், அதுக்குள்ள மேல வந்துரணும். கூட வாறவன் தள்ளாடுனாலோ, வாந்தி எடுத்தாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமப் பதில் சொன்னாலோ, "வாடா மச்சான், இன்னும் கொஞ்சம்தான்"னு இழுக்காதீங்க. நெழல்ல படுக்க வையுங்க, தலை கழுத்தெல்லாம் தண்ணியைத் தெளிச்சு விசிறுங்க, ஆளை விட்டு உதவி கேளுங்க. ஹெலிகாப்டரு பஸ்ஸு இல்ல, கூப்பிட்டதும் வந்து நிக்க.

ஜூலை ஆரம்பிச்சா மத்தியானம் இடிமழையும் சேரும். நீரு நடக்குறது மொட்டை முகடு, மின்னலுக்கு அங்க ஒசரமா நிக்குறது நீருதான். வானம் கறுத்தா போட்டோ எடுக்காதேயும், முகட்டை விட்டு எறங்கும்.

ஆறு பாக்கத்தான் வேணும்னா அதுக்கு மொறையான வழி இருக்கு. அக்டோபரோ ஏப்ரலோ பாத்து, ரெண்டு நாள் போட்டுப் போங்க. அப்பவும் மேல பனியோ ஐஸோ கெடக்கான்னு விசாரிச்சுக்கிடணும். கீழ கூடாரம் போட பெர்மிட் வாங்கணும். இல்லன்னா மேரி கோல்டர் அம்மா வரைஞ்சு 1922ல கட்டுன ஃபாண்டம் ராஞ்சுல தங்கலாம், அதுக்கு ஒரு வருசத்துக்கும் மேல முன்னாலயே குலுக்கல்ல பேரு குடுக்கணும். எறங்க கைபாப், ஏற பிரைட் ஏஞ்சல். ஏறுற வழியில ஹவாசுபாய் கார்டன்ஸ்ல மரமும் தண்ணியும் உண்டு. ஆனா அந்தத் தண்ணிக் குழாய் பழசு, அடிக்கடி ஒடையும். இன்னைக்குத் தண்ணி வருதான்னு மேலயே கேட்டுட்டு எறங்கும். நம்ம ஊரு பஞ்சாயத்துக் குழாயை நம்பாதவரு அமெரிக்காக் குழாயை மட்டும் கண்ணை மூடிக்கிட்டு நம்பிராதேயும்.

லீவு போட்டாச்சு, ஜூலையிலதான் போவேன்னு அடம் பிடிச்சா, ராத்திரியே போயித் தங்கி, விடியுமுன்ன முதல் ஷட்டிலைப் பிடியும். உம்ம காரை அங்க விட மாட்டான். வெளிச்சம் வரும்போது எறங்கி, சீடர் ரிட்ஜுல காராச்சேவு தின்னு, வெயில் ஏறுமுன்ன மேட்டுக்கு வந்து காப்பி குடியும்.

அங்க ஒரு போட்டோ எடுத்துக்கிடும். பின்னால செவப்புப் பாறை, பள்ளம் எல்லாம் நல்லா விழும். ஊருக்கு அனுப்பும்போது "ஆத்துல எறங்கி ஏறியாச்சு"ன்னு ஒரு வரி எழுதிக்கிடும். நம்ம ஊர்ல எவன் கிராண்ட் கேன்யனைப் பாத்திருக்கான், ஆறு எங்க கெடக்குன்னு கேக்க? உம்ம அம்மா எனக்குப் போன் போட்டு, "அண்ணே, நெசமா?"ன்னு கேட்டா, "ஆமா தாயீ, தண்ணி சில்லுன்னு இருந்துச்சாம்"னு நானே சொல்லுதேன். பொய் சொல்ல மாமன் இருக்கேன், நீரு முழுசா வந்து சேரும்.